கால் எட்டாத வண்டியில் கம்மாபுரம் வரை

போன ஐப்பசி மழையில் கல்வராயன் மலையில் விழுந்தோம், நானும் என் மனைவி சுமதியும். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு மண்பாதையின் இறக்கத்தில், எட்டு வருடமாக நான் ஓட்டும் 150 சிசி வண்டி சேற்றில் வழுக்கிச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஐந்து வாரம் கட்டு. அதற்குப் பிறகு இந்த வலைப்பூவில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் சுமதி என் பின்னால் உட்காரவில்லை. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. முன்பெல்லாம் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். இப்போது அவள் பஸ்ஸில் போகிறாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பஸ்ஸுலயே போயிக்கிறேங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். தினமும் எட்டே காலுக்கு அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பேன். இனிமேல் எங்கேயும் சேர்ந்து போகவே மாட்டோமோ என்று பயமாக இருக்கும்.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து பெரிய வண்டி. டயர் சரியில்லை, வண்டிக்குப் பலம் போதாது, மலைப் பாதைக்கென்றே செய்த பைக் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டோம் என்று இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நண்பர் ஸ்டீபன் எங்கள் ஊரான விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருக்கிறார். மாற்றல் வந்துவிட்டதால் தன்னுடைய மலைப்பாதை பைக்கை விற்கிறார். நானூறு சிசிக்கு மேல், 199 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர். என் வண்டி 138 கிலோ, 790 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பிரச்சினை எங்கே வரும் என்பது உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை.

ஸ்டீபன் ஞாயிறு முழுக்க வண்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார். திங்கள் காலைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் திருச்சிக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வார். சுமதியிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு நாள் பூரா நீங்க தனியா ஓட்டிப் பாருங்க. வந்து, நான் பின்னால உக்காரலாமா வேணாமான்னு உள்ளதச் சொல்லுங்க. உக்காரலாம்னு சொன்னீங்கன்னா உக்காருறேன்."

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இப்படிப் பொறுப்பை என் தலையில் வைத்ததும் சனிக்கிழமை முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, காலை 6.10க்கு வீட்டிலிருந்து புறப்பட்டேன். வண்டியில் ஏறுவதே ஒரு வேலையாக இருந்தது. வாசல் படியோரம் நிறுத்தி, படியில் நின்றபடி காலைத் தூக்கிப் போட்டேன். இரண்டு காலிலும் கட்டைவிரல் மட்டும்தான் தரையில் பட்டது. சுமதி ஜன்னலில் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் சாய்ந்துவிடுவேன் என்று பயம். ஜங்ஷன் ரோட்டில் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். பங்க்கில் இருந்தவர் சென்டர் ஸ்டாண்டு போடச் சொன்னபோது, எனக்கு இடுப்பு வலி என்று பொய் சொன்னேன்.

முதல் சுற்று வேப்பூர் வரை. 22 கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். ஊரைத் தாண்டியதும் வண்டி வேறு பிறவி எடுத்ததுபோல ஓடியது. பள்ளத்தில் விழுந்தது கைக்கே தெரியவில்லை. சென்னை–திருச்சி நான்கு வழிச் சாலையில் ஏறி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். லாரி கடக்கும்போது என் வண்டி காற்றில் ஆடும், இது ஆடவில்லை. வேப்பூரில் பொங்கல், வடை, டீ, 75 ரூபாய். கல்லாவில் இருந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு லடாக்குக்குப் போகிறீர்களா என்று கேட்டார். கம்மாபுரத்துக்கு என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தார்.

திரும்பி வரும்போது விருத்தாசலத்துக்குள் கோயில் பக்கத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னால் ஆட்டோ, பின்னால் பஸ், நடுவில் நான் நுனிக்காலில். பன்னிரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும், பின்சீட்டில் சுமதி இருந்து அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. வந்ததும் அதைத் துரத்தினேன்.

கம்மாபுரம் என் வீட்டிலிருந்து 16 கிலோமீட்டர். வழக்கமாக இருபத்தைந்து நிமிடம். அங்கே எதற்கு என்றால், சேற்றுக்கு. அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் இருப்பதால், மழை நின்று வாரக்கணக்கானாலும் கரைப் பாதைகளில் ஈரம் காயாது. கல்வராயன் சேற்றுக்கு அது நல்ல மாற்று. தார் ரோட்டை விட்டு இறங்கி, நெல் வயல்களுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் போனேன். 9.40க்குக் கரையில் ஒரு வளைவில் வண்டியைத் திருப்ப நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை, பள்ளம். வண்டி அவசரமே இல்லாமல், மாடு படுப்பதுபோலப் படுத்தது.

முதலில் செய்த காரியம் சுற்றிப் பார்த்தது. யாரும் இல்லை. பிறகு தூக்கினேன். முதல் இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை வண்டிக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, காலால் எழுந்தபோது வந்தது. நின்ற இடத்தில் சாய்ந்தது விழுந்த கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அசல் சேறு. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, இரண்டாவது கியரில் விட்டேன். வண்டி சேற்றைக் கவனிக்கவே இல்லை. நூறு மீட்டர் போய்த் திரும்பி, மறுபடி போனேன். நாலு முறை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாங்கிவிடலாம், சுமதியிடம் தைரியமாக உட்காரச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

நான் வேலை செய்வது ஒரு சிறிய பீங்கான் யூனிட்டில், களிமண் கலவைப் பிரிவில். ஃபியூஸ் கேரியரும் ஊறுகாய் ஜாடியும் செய்கிறோம். எங்கே போனாலும் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்ட வேண்டும், பிறகு வளைக்க வேண்டும். விரிசல் விடாமல் வளைந்தால் அது டயரை வழுக்கிவிடும் களி. உடைந்தால் மணல் கலந்தது, பயப்படாமல் போகலாம். (பைக்கில் போகிறவர்கள் பழகிக்கொள்ளலாம், காசு செலவில்லை.) அன்று உருட்டிப் பார்த்த மண் அருமையாக வளைந்தது. ஒரு கட்டி எடுத்து பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டேன். போனில் வரப்பையும் கரையையும் இரண்டு படம் எடுத்தேன்.

நிமிர்ந்தபோது எதிரே ஓர் அம்மாவும் இரண்டு ஆண்களும் நின்றார்கள். அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கையில் களைக்கொத்து. பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"எந்த ஆபீஸ்லேர்ந்து வரீங்க?"

"ஆபீஸ்லாம் இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன்."

"இங்க வர எல்லாரும் சும்மா பாக்கத்தான் வராங்க. மண்ணு எதுக்கு எடுக்கறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பார்களோ என்று வருடக்கணக்காகக் கலங்கிக்கொண்டிருக்கும் ஊர். அங்கே ஹெல்மெட், ஜாக்கெட், பெரிய வண்டியோடு ஒருவன் வந்து, மண்ணை எடுத்துக் கவரில் போட்டுப் படமும் எடுத்தால் யார் என்று நினைப்பார்கள்? பைக்கை சேற்றில் ஓட்டிப் பார்க்க வந்தேன் என்றேன். யாராவது வேண்டுமென்றே சேற்றுக்கு வருவார்களா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொருவர் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் சுமதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் எந்தப் பள்ளியில் வேலை செய்கிறாள், எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு, "அவரு எங்க போனாலும் மண்ண எடுத்துக்கிட்டு வந்துடுவாருங்கம்மா. துணி தொவைக்கும்போது சட்டப் பையில இருந்து மண்ணாத்தான் கொட்டும்" என்றாள். வண்டிக்கு முன்னால் நின்றவர் முதலில் சிரித்தார்.

அஞ்சலை அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு ஏக்கர். "யாரு வந்து வரப்புல நின்னாலும் அன்னிக்கி சோறு எறங்க மாட்டேங்குது சார்" என்றார். அவர் கண் எதிரிலேயே கவரைப் பிரித்து மண்ணை எடுத்த இடத்தில் போட்டேன். படங்களையும் அழித்தேன். வெட்கமாக இருந்தது. அவர் என் போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, நாலு எட்டு தள்ளிப் போய் சுமதியோடு ஐந்து நிமிடம் பேசினார். நடுநடுவே கரை வளைவைக் கையால் காட்டினார். சுமதிக்கு அந்தக் கை தெரியாது, எனக்குத் தெரிந்தது. போனைக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்க, வளைவுல பள்ளம் கெடக்குது" என்றார்.

திரும்பும் 16 கிலோமீட்டரும் ஒரே யோசனை. சொல்லிவிட்டாரா? எதுவரை பார்த்திருப்பார்? சுமதியிடம் சொல்ல மூன்று விதமான பேச்சுகள் தயார் செய்தேன். மூன்றிலும் வண்டி படுக்கவில்லை.

வீட்டுக்கு 12.50க்கு வந்தேன். அவள் சாப்பாடு போட்டாள். சாம்பார் முடிந்ததும் ரசத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "வண்டி எப்பிடி இருக்குது?" என்றாள்.

தயார் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. "ஓடும்போது தங்கம். நிக்கும்போது கால் எட்டல. வாய்க்கா கரையில ஒரு தடவ போட்டுட்டேன்."

"தெரியும். அந்தம்மா சொன்னாங்க. சுத்திமுத்தும் பாத்துட்டுத் தூக்குனீங்களாமே." ரசக் கரண்டியை எடுத்தபடி, "மலையில விழுந்தப்ப நம்ம வண்டிதான. கால் எட்டுச்சு இல்ல?" என்றாள்.

எட்டியது. இந்தக் கட்டுரையில் இதுவரை உங்களுக்கும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். அந்த இறக்கத்துக்கு முன்னால் சுமதி என் தோளை இரண்டு முறை தட்டினாள். இறங்கி நடந்து வருகிறேன், நிறுத்துங்கள் என்றாள். பின்னால் பெரிய பைக்குகளில் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் எதிரில் மனைவியை இறக்கி நடக்கவிட எனக்குக் கூச்சம். ஹெல்மெட்டில் கேட்காததுபோல விட்டுவிட்டேன். இருபதடி தாண்டவில்லை, விழுந்தோம்.

"கேட்டுச்சு. கேக்காத மாதிரி போயிட்டேன்" என்றேன்.

சுமதி ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள். "கை சரியாயிடுச்சுங்க. நான் சொன்னது உங்க காதுல வுழுந்துச்சா இல்லியான்னுதான் இத்தன நாளா தெரியாம இருந்தேன்." நான் சாயங்காலமே வண்டியைக் கழுவிக்கொண்டுபோய் ஸ்டீபனிடம் விட்டு, திருச்சிக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன்.

பெரிய வண்டிக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் ஒரு நாள் அனுபவம் இது. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. ஐந்தடி ஏழு அங்குலத்துக்கு மேல் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். மற்றவர்கள் ஷோரூம் தரையில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேடுபள்ளத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்சீட்டில் ஆள் இருக்கும்போதும் நிறுத்திப் பாருங்கள். ஒரு முறையாவது வேண்டுமென்றே படுக்க வைத்துத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். சந்தேகமான பாதையில் மண்ணை உருட்டிப் பாருங்கள், ஆனால் அங்கேயே போட்டுவிடுங்கள். கம்மாபுரம் பக்கத்து வயல் பாதைகளில் இறங்குவதாக இருந்தால், முதலில் கண்ணில் படுகிறவரிடம் உங்கள் ஊரையும் பேரையும் சொல்லிவிட்டு இறங்குங்கள். அவர்கள் கவலைக்கு நாமும் ஒரு காரணமாக வேண்டாம். எனக்கு அன்றைய செலவு பெட்ரோலும் சாப்பாடும் சேர்த்து 575 ரூபாய், ஓடியது நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

அடுத்த ஞாயிறு காலை என் பழைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுமதி ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். எங்கே என்று கேட்டேன். அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். அவள் ஏறி உட்காரும்வரை வண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். நல்ல தார் ரோடு, எதிரே ஒரு வண்டிகூட இல்லை. தோளில் தட்டி, "நிறுத்துங்க" என்றாள். ஓரம் கட்டி நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். அவள் இறங்கவில்லை. பிறகு "சரி, போங்க" என்றாள். கம்மாபுரம் போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை நிறுத்தச் சொன்னாள். நான்கு முறையும் நிறுத்தினேன்.