காலில் இடிக்காத சக்கரம்

2011ஆம் ஆண்டின் இலையுதிர்காலத் தொடக்கத்தில், மூடியிட்ட வாளி ஒன்றைப் பின்தாங்கியில் கட்டிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு, முழங்கால்வரை நனைந்தவராய் ஹாரியட் பெல்கி மேட்டின்மீது ஏறிவந்தார். பெருவெள்ளம் பாலத்தை அடித்துச் சென்று சில நாள்களே ஆகியிருந்தன. அக்கரையில் தனித்துவிடப்பட்ட வீடுகளுள் ஆர்டிஸ் வீலாக்கின் வீடும் ஒன்று. அதற்குமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, வாளியைப் பிடிங்க! மேடு முழுக்க இந்தச் சூப்பை ஒரு கையால குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு வந்திருக்கேன். இந்த ரோட்டைப் போட்டவன் கையில கிடைச்சான்னா அப்படியே அவன் தலையில கவுத்துருவேன்!"

ஆர்டிஸ் வாளியைப் பிடித்தார். அன்றிலிருந்து ஹாரியட்டின் கோபத்துக்குப் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பழகிவிட்டது.

ஹாரியட், வெர்மாண்ட் மலையூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் சமையல்காரர். அங்குள்ள அடுப்புமேடை அவர் மார்பளவு உயரம். பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுதான் உருளைக்கிழங்கு மசிப்பார். மாவுப் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிச் செய்யும் மசியலைத் தருமாறு மேலிடம் ஒருமுறை கட்டளையிட்டது. "சுவருக்குப் பூசுறதைப் பிள்ளைங்க வயித்துல பூசச் சொல்றாங்க" என்று சொல்லி, அப்பொட்டலங்களைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்துவிட்டார். மான்வேட்டைப் பருவம் முடிந்து வெகுகாலம் ஆனபிறகும் கணவரின் செம்மஞ்சள் வேட்டைச்சட்டையைக் கழற்றமாட்டார். மடித்துவிட்டாலும் அதன் கை, விரல்நுனிவரை தொங்கும். வானிலை அறிவிப்பாளரையும், 'ஆப்பிள் பை' என்னும் பழ அப்பத்தைப் பாலாடைக்கட்டி இல்லாமல் தின்பவரையும், சாலையைச் சமன்செய்கிறேன் என்று வந்து கூழாங்கற்களை நடுவில் குவித்துவிட்டுப் போகும் வண்டியோட்டியையும் ஒரே சுதியில் வைவார்.

அவர் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில் தார்ச்சாலை சிறிது, சரளைச்சாலை பெரும்பகுதி, மீதி காட்டுப்பாதை. பனி உருகும் சேற்றுப்பருவத்தில் மூன்றுமே ஒரே சகதியாகிவிடும். "ரோட்டுக்கு ஒரு சைக்கிள் வெச்சுக்க நான் என்ன மகாராணியா? எல்லா ரோட்டுக்கும் ஒண்ணு, அது எனக்குச் சரியா ஒண்ணு. இதைக் கேக்குறது பேராசையாடி, ஆர்டிஸ்?"

பேராசை அன்று, ஆயினும் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. குள்ளமானவர்களுக்கெனக் கடைகளில் விற்கும் மிதிவண்டிகளில் சட்டகத்தை மட்டும் குறுக்குகிறார்கள்; சக்கரங்களை நெட்டையர்க்கு வைக்கும் அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் முன்சக்கரம் மிதிக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. மெதுவாக ஓட்டித் திருப்பினால் காலணியின் நுனி டயரில் இடிக்கும், சக்கரம் நிற்கும், ஓட்டுபவர் விழுவார். இருவரும் பழகிச் சில ஆண்டுகள் கழித்து ஒரு சேற்றுப்பருவத்தில், மறுபடி கட்டிய பாலத்துக்கு முன்னுள்ள வளைவில் ஹாரியட் அப்படித்தான் விழுந்தார். முன்பே ஒருமுறை முறிந்திருந்த காறையெலும்பு மீண்டும் முறிந்தது.

எலும்பு கூடிய பின்னரும் அவரால் அவ்வளைவைத் திரும்ப முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி, வண்டியைத் தள்ளிக் கடந்து, மீண்டும் ஏறினார். ஆர்டிஸ் முன்னால் சென்று நின்று, பார்க்காததுபோல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஹாரியட்டே சொன்னார்: "எனக்குன்னு ஒண்ணு செஞ்சு வாங்கப்போறேன். அதுவும் இடிச்சா, வண்டியை வித்துட்டு டி.வி. முன்னாடி உக்காந்துடுவேன்." வைதுகொண்டே சொல்லியிருந்தால் ஆர்டிஸ் பொருட்படுத்தியிருக்கமாட்டார். தாழ்ந்த குரலில் சொன்னதுதான் அவரைத் துணுக்குறச் செய்தது.

ஆகவே ஆர்டிஸ் காரோட்ட, இருவரும் சட்டகம் செய்வோரைத் தேடிப் புறப்பட்டனர்.

முதலாமவர் பிரஸ்டன் ஆல்ட்ரிச். பேர்பெற்றவர், அவரிடம் வாங்கப் பல்லாண்டுகள் காத்திருப்போர் உண்டு. பட்டறையின் தரையில் சோறு போட்டுத் தின்னலாம். சுவர் முழுதும் அவர் செய்த வண்டிகளின் புகைப்படங்கள். வெள்ளைச் சுவரில் சாய்ந்து, மிதி ஒரே கோணத்தில் நிற்க, ஆள் ஒருவரும் இல்லாமல், வண்டிமட்டும். இத்தொழிலின் வழக்கமே அதுதான்.

ஹாரியட் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம் கேள்வியைக் கேட்டார். அன்று தொடங்கிய அக்கேள்வியைப் பிறகு எவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. "நீங்க செஞ்சு கெட்டுப்போனது ஒண்ணு காட்டுங்க."

"என் கையில எதுவும் கெடுறதில்லைங்க, மேடம்."

"அப்படியா? நான் இருபது வருஷமாச் சமைக்கிறேன். போன செவ்வாக்கிழமைகூடச் சோறு அடிப்பிடிச்சுது."

ஆல்ட்ரிச் புன்னகைத்துத் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அழகான வரைபடம், சக்கரங்கள் பெரியவை. ஹாரியட் தம் காலணியைக் கழற்றித் திரைமீது, மிதிக்கு நேராகப் பிடித்தார். அதன் நுனி டயருக்குள் புகுந்து நின்றது.

"அது எல்லாருக்கும் கொஞ்சம் இடிக்கும், மேடம். பழகிடும்."

"சக்கரத்தைச் சின்னதாப் போட்டா இடிக்காதே!"

"போடலாம். ஆனா பாக்க நல்லா இருக்காது. பொம்மை சைக்கிள் மாதிரி தெரியும். என் பேரை எழுதி, படம் எடுத்து வெளியில போடணுமில்லையா?"

ஒருவருடைய எலும்பைவிட ஒரு புகைப்படம் பெரிதென இத்தனை மென்மையாகச் சொல்ல முடியுமென்பதை ஆர்டிஸ் அன்றுதான் அறிந்தார். அவருக்கே காது சிவந்தது. ஹாரியட்டோ காலணியை அணிந்துகொண்டு, வாசலில் நின்று சொன்னார்: "உங்க சைக்கிள்ல யாரும் ஏறாம இருக்கிறவரைக்கும் அழகா இருக்கட்டும், ஐயா."

இரண்டாமவர் இளைஞர், வாய்நிறையச் சிரித்தார். ஆனால் கேள்விகளையெல்லாம் நெட்டையாக நின்ற ஆர்டிஸைப் பார்த்தே கேட்டார். "உங்க ஃப்ரெண்டு வேகமா ஓட்டுவாங்களா? அவங்களுக்கு மலை ஏறப் பிடிக்குமா?"

"நான் இங்கதான் இருக்கேன், தம்பி" என்றார் ஹாரியட். "கொஞ்சம் குனிஞ்சா தெரிவேன்."

அன்று திரும்பும்போது மேப்பிள் ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தினார்கள். கூம்பு உருகிச் சட்டையில் வழிந்ததையும் பாராமல் ஹாரியட் வைதுகொண்டேயிருந்தார். ஆர்டிஸுக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

மூன்றாமவரான எல்டன் ஃபிஸ்க் மாட்டுத்தொழுவத்தின் ஒரு பாதியில் வேலை செய்தார். மறுபாதியில் மாடுகள் இருந்தன. கெட்டுப்போனதைக் கேட்டதும் ஏணி வைத்து ஏறி, உத்தரத்திலிருந்து ஒரு சட்டகத்தை இறக்கினார். "இது கோணல். அவசரத்துல பத்தவெச்சேன். வாங்க வந்தவர் கண்டுபிடிக்கலை, நான்தான் குடுக்கலை. திமிர் ஏறுறப்ப அண்ணாந்து பாத்துக்குவேன்."

ஹாரியட் பால்பெட்டி ஒன்றைத் தேடியெடுத்து அதன்மேல் அமர்ந்தார். இங்கே தங்கிப் பேசப்போகிறார் என்று அதன் பொருள்; அது ஆர்டிஸுக்குத் தெரியும்.

ஆயினும் எல்டனும் வசவுக்குத் தப்பவில்லை. அகலமான டயர், சேறு தெறிக்காத காப்பு, வாளி தாங்கும் தாங்கி, வளைந்த கைப்பிடி, இவ்வளவும் இருந்தும் ஒரு கையால் தூக்கத்தக்க எடை என்று ஹாரியட் அடுக்கியபோது, "இதுல எதை விடுறீங்க, ஹாரியட்டம்மா?" என்று அவர் கேட்டுவிட்டார்.

"நான் எதுக்கு விடணும்?"

"எல்லா ரோட்டுலயும் போற வண்டி எந்த ரோட்டுலயும் முதல்ல வராது. அதைச் சொல்லாம செஞ்சு குடுத்தா நான் ஏமாத்துறவன்."

"முதல்ல வர்றதுக்கு நான் என்ன பந்தயமா ஓடுறேன்? அடுப்புப் பத்தவைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேந்தாப் போதும்!" என்று இரைந்தவர், சிறிது நேரம் மாடுகளை முறைத்துவிட்டு, "சரி, எடையை விடுறேன். வாளியை விடமாட்டேன்" என்றார்.

எல்டன் மண்டியிட்டு ஹாரியட்டின் காலணியைப் பார்த்தார். அதன் நுனி டயரில் உரசி உரசி வெளுத்திருந்தது. அளவுநாடாவை அவர் அதன்பிறகுதான் எடுத்தார். சக்கரத்தைச் சிறிதாக்கி டயரை அகலமாக்கலாம் என்றார். ஆனால் வைக்கோல் அறுவடை முடிந்தபின்தான் தொடங்குவாராம். பனிக்கால இறுதியில் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் வேலைக்கு முன் முடிந்தால் உண்டு, இல்லையேல் அதற்குப் பின்.

கோடையின் நடுவில் ஆல்ட்ரிச் தொலைபேசியில் அழைத்தார். காத்திருந்தோரில் ஒருவர் விலகிக்கொண்டாராம், விரும்பினால் இலையுதிர்காலத்துக்குள் ஹாரியட்டுக்குச் செய்து தருவாராம், சக்கரம்மட்டும் பெரியதுதானாம். ஹாரியட் மறுநாள் சொல்வதாகக் கூறிவிட்டார். வளைவுதோறும் இறங்கி நடக்கும் தோழியைக் கண்டு மனம் நொந்திருந்த ஆர்டிஸ், அன்று மாலை தவறான ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார்.

"வாங்கிக்கயேன்டி. பழகிடும்னுதானே சொல்றாங்க."

ஹாரியட் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"பழகிடும்! அடுப்பு உயரம், பழகிக்கோ. அலமாரி உயரம், பழகிக்கோ. பஸ் படி உயரம், பழகிக்கோ. இந்தச் சட்டைக் கைகூட நான்தான் மடிச்சு விட்டுக்கிறேன். பொறந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் நானே பழகியிருக்கேன், ஆர்டிஸ். சொல்லிச் செய்யற ஒரே ஒரு சாமானாவது என்கிட்ட பழகட்டுமே!"

ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்டார். ஹாரியட் தொலைபேசியை எடுத்து, ஆல்ட்ரிச்சிடம் வேண்டாமென்றார். மிகவும் மரியாதையாக, இரண்டே சொற்களில்.

பிறகு காத்திருப்பு. எல்டன் தொலைபேசியை எடுக்கமாட்டார்; எடுத்தால் மழையைப் பற்றிப் பேசுவார். பனி வந்தது, பாகு காய்ச்சும் புகை எழுந்து அடங்கியது. "மாட்டுக்காரனை நம்பினேன் பாரு" என்று ஹாரியட் ஊரெங்கும் சொல்லித் திரிந்தார். ஆனால் வேறெவரையும் தேடிச் செல்லவில்லை.

சேற்றுப்பருவத்தில் ஒரு ஞாயிறு, எல்டன் வண்டியைத் தாமே கொண்டுவந்து, பள்ளியின் பின்முற்றத்தில் இறக்கினார். பாசிப்பச்சை நிறம், சிறிய சக்கரம், தடித்த டயர். உண்மையைச் சொன்னால், பார்ப்பதற்குச் சற்றுப் பொம்மை போலத்தான் இருந்தது. ஹாரியட் ஏறினார். குப்பைத்தொட்டியைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டார். அடுத்த வட்டம் குறுகியது. அதற்கடுத்தது இன்னும் குறுகியது. சரளை நெரியும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. இம்முறை ஆர்டிஸ் மரங்களைப் பார்க்கவில்லை. ஹாரியட் இறங்கவேயில்லை. சுற்றி முடித்து வந்து நின்று, தாங்கியின் ஆணி ஒன்று துருப்பிடிக்குமென்று குறை சொன்னார்.

எல்டன் தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "அடுத்து வர்றவங்களுக்குக் காட்ட ஒரு படம் எடுத்துக்கிறேன், ஹாரியட்டம்மா. வண்டியை அந்தச் சுவர்ல சாச்சு வைங்க."

ஹாரியட் சாய்த்துவைக்கவில்லை. மீண்டும் இருக்கையில் ஏறி, ஒரு கையால் பள்ளிச்சுவரைப் பிடித்துக்கொண்டார். மிதியை முன்னே தள்ளினார். முன்சக்கரத்தைத் திரும்புமட்டும் காலின் பக்கமாகத் திருப்பினார். டயருக்கும் வெளுத்த காலணி நுனிக்கும் இடையே முற்றத்தின் சேறு தெரிந்தது.

"இப்ப எடுங்க. படத்துல காலும் விழணும்."