வலி நின்ற இடத்தில் இறங்காதீர்கள்

பல்லுக்காக அல்வாலிலிருந்து ஐதராபாத் போக நினைப்பவர்களுக்கு இது உதவும். போன மாசியில் என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் ரயில்வே பட்டறை பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். ஒரு கல்யாண ஊர்வல நெரிசலில் வாத்தியமே இடித்து, மேல்வரிசை முன்பல் கறுத்து, இரவு பகலாக வலித்தது. அந்தப் பல்லை ஊன்றித்தான் ஊத வேண்டும். அது போனால் பேண்டும் போச்சு. உள்ளூர் வைத்தியர் பிடுங்கச் சொல்லிவிட்டார். பிடுங்காமலே வேரைச் சுத்தம் செய்யும் டாக்டர் ஐதராபாத்தில் ஆபிட்ஸ் கடைவீதியில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

காலை 7.10 ரயிலில் சிகந்தராபாத், ஆறு மைல். அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மைல், ஆளுக்கு இரண்டணா. நிஜாம் காசாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். யுத்த காலமாதலால் நல்ல கூட்டம்.

பஸ் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் போகும்போது அவர் சட்டென்று எழுந்தார்.

"வலி நின்னுடுச்சுடி! இறங்கு, வீட்டுக்குப் போலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூஞ்சி பணியாரமா வீங்கிக் கிடக்கு, நின்னுடுச்சாமே! பேசாம உக்காருங்க."

கண்டக்டர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி, "உதர்னா க்யா, அம்மா?" என்று, இறங்க வேண்டுமா எனக் கேட்டார்.

"நக்கோ!" என்று கத்தினேன். வேண்டாம் என்பதை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதேயில்லை. உள்ளுக்குள் பயம்தான். வலியே இல்லாத மனிதரை இழுத்துப்போய்ப் பல்லைப் பறிகொடுக்க வைத்தால்?

ஆபிட்ஸில் டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார். "வலி நின்னுடுச்சா? நஸ் மர் கயி, அம்மா."

நஸ் என்றால் நரம்பு. இடித்ததில் பல்லுக்குள் இருந்த நரம்பு கொஞ்சங்கொஞ்சமாகச் செத்திருக்கிறது. செத்தது வலிக்காது, ஆனால் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டும். அப்படியே விட்டால் எலும்பையும் தின்னுமாம்.

டாக்டர் ஊசி போன்ற கம்பியை எடுத்ததும் இவர், "நக்கோ! பிடுங்காதீங்க!" என்று அலறினார்.

"தாந்த் நை, நஸ்!" என்றார் டாக்டர். எடுக்கப்போவது பல்லையல்ல.

பல்லின் பின்புறம் சிறு துளையிட்டு, கம்பியை வேர்வரை விட்டுச் சுரண்டினார். அழுகல் நாற்றம் அறை முழுக்க அடித்தது. என் கை கன்றிப்போகும்படி என் வீட்டுக்காரர் பிடித்திருந்தார். டாக்டர் மருந்துப் பஞ்சு வைத்து அடைத்து, வாரம் ஒருமுறை இன்னும் இரண்டு தடவை வரச் சொன்னார். கடைசித் தடவை ரப்பர் மாதிரி ஒரு பிசினால் வேரை நிரப்பினார்.

நீங்கள் போனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மூன்று நாள் லீவு போடுங்கள். பாதி வழியில் வலி நின்றால் தயவுசெய்து இறங்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு கிளாரினெட்டை எடுத்தார். முதல் ஊதலே கீச்சென்று பிசிறடித்தது. ஓடிப்போய் அவர் வாயைப் பார்த்தேன்.

"ரீடு காஞ்சிருக்குடி," என்றார், ஊதுவாயில் கட்டிய நாணல் பட்டையைத் தொட்டுக் காட்டி. "பல்லு கல்லு மாதிரி நிக்குது."

சமையற்கட்டுக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.