கோரஸே இல்லாத பாட்டு

காக்களூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பாட்டு கேட்கும்போதும் அந்தப் புத்தி என்னை விடாது. பழைய பாட்டில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் வேறு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் ஐம்பதுகளின் பாட்டு ஒன்று வந்தது. பேக்கிங்கில் வேலை செய்த ஓர் அம்மா, "இதுல எங்கம்மா கோரஸ் பாடிக்கீறாங்க சார்" என்றார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர் அவர்.

"இதுல கோரஸே கிடையாதேம்மா" என்றேன். கடைசிவரை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒற்றைக் குரல்தான். யாரோ சிரித்துவிட்டார்கள்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "ஒரு போட்டோகூட இல்ல சார். இது ஒண்ணுதான் இருந்துச்சு. அப்போ எங்க நைனா இத்தினி வருசமா பொய் சொல்லிக்கினு இருந்தாரா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் பெற்ற மகளிடம் எதற்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் குடைந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் மைக் செட் வாடகைக்கு விடும் பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "நீ கேட்டது கிராமபோன் பிளேட்டுக்குப் பாடுனதுப்பா. பிளேட்டுல மூணு நிமிசந்தான் புடிக்கும். படத்துக்கு வேற தபா பாடியிருப்பாங்க. அதுல இன்னா இருக்குதோ, யாருக்குத் தெரியும்?"

அந்தப் படத்தின் விசிடிக்காக மூர் மார்க்கெட்டில் நாலு ஞாயிறு அலைந்தேன். கிடைத்ததும் வீட்டில் போட்டுப் பார்த்தேன். நான் கேட்டே இராத மூன்றாவது சரணம் ஒன்று இருந்தது. அது முடிந்ததும் பெண்கள் கூட்டமாக ஹம்மிங் செய்தார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு குரல் மட்டும் கொஞ்ச நேரம் நீண்டு, தடுமாறி நின்றது. எங்கள் கம்பெனியாக இருந்தால் ரிஜெக்ட் போட்டிருப்பேன். அப்போதெல்லாம் ஒரே மைக், எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும், ஒருத்தர் தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். இதை மட்டும் ஏன் விட்டார்கள் என்று புரியவில்லை.

மறுநாள் விசிடியை அந்த அம்மாவின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவருடைய அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஹம்மிங் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"தோ, எல்லாரும் நிறுத்திட்டாங்களா? ஒருத்தி மட்டும் இழுத்துக்கினு போறா பாரு, அவதான் உங்கம்மா. நல்லா பாடிக்கினே இருந்தவ, கடைசில கண்ண மூடிக்கினு, நிறுத்தச் சொல்லிக் கைகாட்டுனதப் பாக்கலியாம். அதுக்கப்புறம் அவளப் பாடவே கூப்புடல. அத்தச் சொல்லிச் சொல்லி அழுவா."

குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த அம்மா டிவியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தத் தப்ப மட்டும் இன்னொரு தபா போடுங்க சார்."