பைக்குள் போகும் செருப்பு

வாசலில் நின்று சடையாண்டி செருப்பைக் கழற்றுகிறார். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு இரண்டையும் தட்டி, ஜவுளிக்கடை மஞ்சப்பைக்குள் திணித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போகிறார். திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் ஞாயிறு சாயங்காலம்தோறும் இதே கூத்துதான்.

அந்தச் செருப்பை வாசலில் விட முடியாது. அகரம் சடையாண்டி செருப்பு என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. டயர் அடி, சிவப்பு வார், இடதைவிட வலது ஒரு விரல் அகலம். ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். பந்தல் போட்டு முடித்ததும் பாட்டில் கொடுப்பது கல்யாண வீட்டார் வழக்கம். பந்தக்கால் குழி தோண்டும் முன்பே வாங்கிக்கொள்வது இவர் வழக்கம். அப்படியொரு நாள் மப்பில் காலில் போட்டுக்கொண்ட இரும்புக் குழாய் தந்த அகலம்தான் அது. கல்யாண வீட்டில் யார் செருப்பு தொலைந்தாலும் இவருடையது தொலையாது.

அந்த ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும், குடியை விடும் கூட்டத்தை அவர் கண்டுபிடித்தது தனிக்கதை. "ஒண்ணு அந்தக் கூட்டத்துக்குப் போங்க, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று மனைவி முத்துப்பேச்சி பஸ் ஏற்றிவிட்டாள். என்ன கூட்டம் என்று வாய்விட்டுக் கேட்க இவருக்கு வெட்கம். "இங்கன ஒரு கூட்டம் நடக்குதாமே?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் ஏலச்சீட்டுக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார்த்தினார். இன்னொருவர் காட்டிய மாடியில் பன்னும் டீயும் கொடுத்து, சோப்பு விற்றால் கார் வாங்கலாம் என்றார்கள். இவரும் கைதட்டிவிட்டு வந்தார். கடைசியில் ஒரு டீ மாஸ்டர்தான், "அட, குடிய விடுற கூட்டமாண்ணே? மொதல்லயே சொல்றதுக்கென்ன! அந்தா, பச்சைக் கேட்டு!" என்று தெருவுக்கே கேட்கும்படி வழி சொன்னார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, மனுஷன் கூனிக் குறுகிப்போனார்.

கூட்டத்தை நடத்துகிற ஆண்டனிராஜ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும், "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்றுதான் வரவேற்பார். சடையாண்டி உட்காருவதற்குள் நாலைந்து நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவார். "இது கால் விரிஞ்சு போச்சு. இதுல ஒக்காந்தா குடிக்காமலே விழுந்துருவோம்" என்பார்.

இப்படியாக, மகள் தீபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் முன்பே குடியை விட்டிருந்தார். ஆனால் சித்தையன்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த சம்பந்தி முத்துக்கிருஷ்ணன் பெரிய வாழைத் தோட்டக்காரர், பெரிய மீசைக்காரர். தாம்பூலத் தட்டுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "குடிக்கிற வீட்டுல நாங்க பொண்ணெடுக்கிறதில்ல" என்றார். சடையாண்டியும் சளைக்காமல், "எங்க வீட்டுல சோடா கூட ஒடைக்கிறதில்ல சம்பந்தி" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அன்றிலிருந்துதான் செருப்பு பைக்குள் போக ஆரம்பித்தது. கல்யாணம் முடிந்து தீபா புகுந்த வீடு போன பிறகும் அது நிற்கவில்லை. குடிகாரன் மகள் என்று அங்கே ஒரு சொல் வந்துவிட்டால் அவள் என்ன பாடுபடுவாள்!

போன ஞாயிறு, சாயங்காலமும் தணியாத வெயிலில் கழுத்து முதல் காது வரை மப்ளர் சுற்றிக்கொண்டு ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"படியில நிக்காதீங்க, உள்ள வாங்க!" என்றார் ஆண்டனிராஜ்.

மப்ளருக்கு வெளியே மீசை நீட்டிக்கொண்டிருந்தது. சடையாண்டி மஞ்சப்பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். சம்பந்தியேதான்!

"ச... சம்பந்தியா?" என்றார் முத்துக்கிருஷ்ணன். "ஒங்களத்தான் தேடி வந்தேன். தோட்டத்துல ஒரு விசேஷம்... சேர் வேணும்..."

"நானும் இங்க சேர் பாக்கத்தான் வந்தேன்" என்ற பதில் சடையாண்டியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இருவர் மானமும் பிழைத்திருக்கும். ஆனால் அந்த வாரம் தீபா மாமனாரைப் பற்றிப் போனில் சொன்னது காதில் ஒலித்தது: "மாமாவுக்கு முடியலப்பா. கையெல்லாம் நடுங்குது. என்னன்னு கேட்டா பேச மாட்டேங்குறாரு." அந்த நடுக்கம் சடையாண்டிக்குத் தெரியாததா? இன்றைக்குத் திரும்பிப் போனால் இந்த மனுஷன் மறுபடி இந்தப் படி ஏறமாட்டார். பாவம், என்ன பாடுபட்டு வந்து சேர்ந்தாரோ!

எழுந்து நின்றார். "எம்பேரு சடையாண்டி. நான் குடிகாரன்." வாசல் பக்கம் திரும்பினார். "சோடா கூட ஒடைக்கிறதில்லன்னு ஒரு பெரிய மனுஷர்ட்ட பொய் சொல்லிட்டேன். நான் ஒடைச்ச சோடாவுல ஒரு சோடா கம்பெனியே நடந்துச்சு."

அறை கொல்லென்று சிரித்தது. முத்துக்கிருஷ்ணன் சிரிக்கவில்லை. ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தது. மற்றொரு கால் வெளியே செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.

சடையாண்டி நாற்காலிக்கு அடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்தார். வாசலுக்குப் போனார். தெருவை இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. செருப்பை வெளியே எடுத்து, குனிந்து, சம்பந்தியின் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தார்.