பெட்டியின் மேல் வைத்த பொட்டு

பாப்பம்மா அக்காவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவருடைய நல்ல பெயரைக் கெடுத்தவன் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

பீடோங்கை ஒட்டிய ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதின்மூன்று வயதில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனவர், தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது வேலை இழந்து, சுங்கைப்பட்டாணிப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த கையுறைத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே வரிசை வரிசையாகப் பீங்கான் கைகள் ரப்பர் பாலில் முங்கி எழுந்து, நீளமான அடுப்புக்குள் நுழைந்து, வெந்து வெளியே வரும். "இத்தன வருசம் பால வாளியில சொமந்தேன், இப்ப அது கை மொளச்சி எதிர்ல வருது" என்று சொல்லிச் சிரிப்பார். கணவர் நடராஜா லாரி ஓட்டினார். பிள்ளைகள் இல்லை.

அந்த அடுப்பை அவர் மூக்காலேயே அளப்பார். சூடு கொஞ்சம் ஏறினாலும் வாசனையை வைத்துச் சொல்லிவிடுவார். அதற்காகத்தான் மேனேஜர் அவரை அடுப்புக்குப் பொறுப்பாக வைத்திருந்தார்.

நான் ஜெரார்ட், லூனாஸ்காரன். ஈப்போவில் டிப்ளோமா முடித்துவிட்டு எண்பத்தேழில் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். மைக்ரோகண்ட்ரோலர் என்ற சொல்லை உச்சரிக்கும்போதே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் வயது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிறவர்களுக்குக்கூட அதை விளக்கியிருக்கிறேன். பாவம், அவர்களும் கேட்டார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை இதுதான். அடுப்பின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த பழைய குமிழ்களை எடுத்துவிட்டு, தொட்டால் வேலை செய்யும் ஒரு திரையை வைக்க வேண்டும். திரையைச் சுற்றி ஒரு சட்டம். அதன் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் கோட்டை மறித்ததும் "இந்த இடத்தில் விரல் வைத்தார்கள்" என்று திரை ஒரு செய்தி அனுப்பும். எடுத்ததும் "விரலை எடுத்துவிட்டார்கள்" என்று இன்னொன்று. இரண்டையும் வாங்கி அடுப்புக்குக் கட்டளை போட வேண்டியது என் மைக்ரோகண்ட்ரோலர். அதற்கு நிரல் எழுதியது நான்.

இங்கிலீஷ் எழுத்து எதற்கு, தீயைப் படமாகப் போடு என்று சொன்னது அக்காதான். பெரிய தீ, சின்னத் தீ, நிறுத்துவதற்கு ஒரு கை. இரண்டே நாளில் பழகிவிட்டார். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் திரையைத் தொடுவார்.

"அந்தச் சட்டத்தில மட்டும் எதுவும் படக்கூடாதுக்கா, வெளிச்சம் மறஞ்சிரும்" என்றேன்.

"படாது தம்பி. நீ பயப்படாத லா" என்றார்.

அந்த வாரத்திலேயே திரை இரண்டு முறை உறைந்து நின்றது. காரணம் எனக்குத் தெரியும். நிரல் சூட்டை அளந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து "விரலை எடுத்துவிட்டார்கள்" என்ற செய்தி வந்தால், அது வாங்க ஆளில்லாமல் தொலைந்துவிடும். அதன் பிறகு விரல் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு நிரல் காத்துக் கிடக்கும். யார் தொட்டாலும் ஏனென்று கேட்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரல் எடுத்தாயிற்று என்று தானே முடிவு செய்துகொள் என ஆறு வரி எழுதினால் தீர்ந்துவிடும். இரண்டு முறையும் மின்சாரத்தை அணைத்துப் போட்டேன், சரியானது. அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பெண்கள் எல்லா எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பாப்பம்மா அக்கா திரைக்கும் வைத்தார். சட்டத்தில் வைக்கவில்லை, கண்ணாடியிலும் வைக்கவில்லை. திரை பொருத்தியிருந்த இரும்புப் பெட்டியின் உச்சியில், ஒரு சாண் தள்ளி, மிளகளவு ஒரு பொட்டு. வைத்துவிட்டு, "இங்க பரவாயில்லல தம்பி?" என்று என்னிடம் கேட்டார். பரவாயில்லை என்று சொன்னவன் நான்தான்.

மறுநாள் வெளிநாட்டிலிருந்து கையுறை வாங்க ஆட்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா புது ரவிக்கை போட்டிருந்தார். பெரிய தீயைத் தொட்டார், சூடு ஏறியது. சின்னத் தீயைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நிறுத்தும் கையைத் தொட்டார். அதுவும் இல்லை. சூடு ஏறிக்கொண்டே போனது. மூக்கைச் சுருக்கினார், ஒரே ஓட்டமாக ஓடிக் கேஸ் வால்வைக் கையாலேயே திருகி அடைத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அடுப்புக்குள் இருந்த அத்தனையும் கருகியிருக்கும். அப்படியும் இரண்டு வரிசைக் கையுறைகள் மஞ்சளாகிவிட்டன.

வந்தவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். பெட்டியின் மேலிருந்த பொட்டைப் பார்த்தார். விரலால் தடவி எனக்குக் காட்டினார்.

"இனி அபா? என்ன இது? இந்தப் பவுடர் உள்ள போய்த்தான் கெட்டுச்சா?" என்று மலாயில் கேட்டார்.

"முங்கின்" என்றேன். இருக்கலாம்.

அது பொய்யில்லை என்று எத்தனையோ நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆம் என்று சொல்லவில்லையே, இருக்கலாம் என்றுதானே சொன்னேன். வெட்கங்கெட்ட வாதம். பக்கத்திலேயே நின்றிருந்த அக்காவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். பயம்தான் இருந்தது. படித்த தம்பியே சொல்லிவிட்டது, அப்படியென்றால் நம் கையால்தான் கெட்டது என்ற பயம்.

"மன்னிச்சிக்க தம்பி. ஒன் வேலைய நான் கெடுத்துட்டேன்" என்றார்.

அந்த ஆறு வரியை மறுநாளே எழுதிவிட்டேன். திரை அதற்குப் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. பொட்டைத் துடைத்ததால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பினார்கள். வருட முடிவில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அக்காவை அடுப்பிலிருந்து எடுத்து, பீங்கான் கைகளிலிருந்து கையுறைகளைச் சூட்டோடு உருவும் பக்கம் போட்டார்கள். எந்திரங்களுக்கு இனிப் பொட்டு வைக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பூஜை நின்றதற்கு அவர்தான் காரணம் என்று மற்றப் பெண்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஒரு நாள் காலையில் தொழிற்சாலை கேட்டருகே அவரைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கினார். கைக்குட்டையை எடுத்து, நெற்றியில் இருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு உள்ளே போனார். வேலை முடிந்து வெளியே வந்ததும் கேட்டருகே நின்று, சின்ன டப்பாவிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார். விசாரித்தபோது, தூள் எதிலாவது விழுந்துவிடுமே என்று தினமும் அப்படித்தான் செய்கிறார் என்றார்கள். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கணவன் உயிரோடு இருக்கும் பெண் தன் கையால் தன் பொட்டை அழிப்பது என்னவென்று வேதக்காரனான எனக்கும் தெரியும்.

இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன். எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகாமல் பீடோங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கோப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நிரலில் தவறு இருந்தது, அது எனக்கு முன்பே தெரியும், பொட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

அக்கா என் கோப்பிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "இங்க பாருங்க, நான் செஞ்ச தப்ப இந்தத் தம்பி தன் தலையில போட்டுக்கிது" என்றார். வெளியே வந்த நடராஜா அண்ணன் என் தோளைத் தட்டி, "நல்ல மனசு தம்பி ஒனக்கு" என்றார்.

இல்லை, நிஜம்தான் என்று நான் மறுபடி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, அதைச் சொல்லவும் நாக்கூசுகிறது.

நான் கிளம்பும்போது அக்கா கேலியாகச் சொன்னார்: "நீ சொல்றது நெசம்னா மேனேஜர்கிட்ட சொல்லு தம்பி. நாளைக்குப் பொட்டோட உள்ள வர்றேன்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. அக்கா இறங்கினார், கைக்குட்டையை எடுத்தார், ஆனால் துடைக்கவில்லை. கேட்டருகே நின்று என்னைப் பார்த்தார். கேலி இல்லை, கோபமும் இல்லை. மேனேஜரிடம் சொல்வாயா என்று கேட்கிற பார்வை.

நான் குனிந்து, ஏற்கெனவே பூட்டியிருந்த வண்டியை மறுபடி பூட்டினேன். நிமிர்ந்தபோது அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.