மாணிக்கம் அண்ணன் உட்கார்ந்த இடம்

ஜெலுத்தோங் கொட்டகையில் ஒரு படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் கொட்டகைக் கணக்கு பார்க்கும் எங்கள் பெரிய கிராணி. "நல்ல மனுசன் போயிட்டாருப்பா" என்றார். எந்த நல்ல மனுசன் என்று கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாணிக்கம் அண்ணன் காய்ச்சலில் கிடந்து காலையில் போய்விட்டதாகச் சொல்லிவிட்டு, கோட்டின் மேல் விழுந்த பாசியைத் தட்டிக்கொண்டே போனார். நான் மீதிப் படகையும் சுரண்டி முடித்தேன்.

சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் போனேன். பேசியவர்கள் எல்லாரும் அண்ணனின் புகழ்பெற்ற வாசகத்தைத் தவறாமல் சொன்னார்கள். "நான் இருக்கேன்ல." எந்த இக்கட்டிலும் இந்த ஒரு சொல்லால் தைரியம் கொடுத்தவர் என்றார் ஒருவர். வாழ்நாள் முழுக்கப் பிறர் பாரத்தைச் சுமந்தவர் என்றார் இன்னொருவர். கூடவே வேலை செய்தவன் என்பதால் சங்க மலருக்கு நான் நாலு வரி எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். நாலு வரியில் அடங்காது.

அண்ணனுக்கு என்ன வேலை என்று உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரத் துவான்களின் கிளப்புக்கு ஒரு மோட்டார் படகு உண்டு. அதை எங்கள் கொட்டகையிலிருந்து தஞ்சோங் பூங்கா கடற்கரைக்கு லாரியில் மாட்டி இழுத்துப் போவார்கள். படகு இருப்பது இரண்டு சக்கர வண்டியில். மாட்டு வண்டியின் ஏர்க்கால் மாதிரி முன்னால் நீளும் இரும்புச் சட்டம் லாரியின் கொக்கியில் மாட்டும். அந்தச் சட்டத்தின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அண்ணன் உட்கார்ந்து வருவார். அதுதான் வேலை. உட்காருவது.

ஏன் உட்கார வேண்டும்? படகுக்கு எஞ்சின் பின்பக்கம். படகு வண்டியில் சற்றுப் பின்தள்ளி நின்றால் பின்பாரம் ஏறி, முன்சட்டம் கொக்கியை விட்டு மேலே எழும்பப் பார்க்கும். அப்படி எழும்பும் வண்டி ஓட்டத்தில் நேராக வராது, வாலை ஆட்டும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிய எவனுக்கும் இது தெரியும். அவன் மூட்டையை முன்னுக்குத் தள்ளுவான். எங்கள் கொட்டகையில் மூட்டையை விட்டுவிட்டு ஒரு தடித்த ஆளை முன்னால் உட்கார வைத்தார்கள். துவான்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இது தமிழர்களின் பழைய வழக்கம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைக்க, விருந்தாளி வரும்போதெல்லாம் அண்ணனைச் சட்டத்தின் மேல் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். அண்ணன் அதற்காகவே மீசைக்கு எண்ணெய் தடவி வருவார்.

ஒரு தடவை அந்த வண்டிக்குப் புதுச் சாயம் பூச என்னிடம் விட்டார்கள். பழைய சாயத்தைச் சுரண்டியபோது, முன்சட்டத்தின் பக்கமாக, தார்க்கீல் வைத்து அடைத்த இரண்டு போல்ட்டுத் துளைகள் கிடைத்தன. படகின் மூக்கு வந்து முட்டி நிற்கும் கட்டையை வண்டி செய்தவன் அங்கேதான் பொருத்தியிருக்கிறான். கட்டை இப்போது இருந்ததோ அதற்கு ஒரு முழம் பின்னால். யாரோ அதைக் கழற்றி, புதுத் துளை போட்டு, பின்னுக்கு நகர்த்தியிருந்தார்கள். படகு ஒரு முழம் பின்வாங்கி நின்றது அதனால்தான். படகை ஏற்றி இறக்கும் பொறுப்பு அண்ணனுடையது, ஆகையால் அவரைத்தான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

"கட்டைய முன்னுக்குத் தள்ளிட்டா நான் எங்கடா உட்கார்றது?" என்றார்.

அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். கூட்டத்தில் யாரும் இதை எடுத்துச் சொல்லவில்லை.

நான் பெரிய கிராணியிடம் போனேன். துவானின் வண்டியில் துவானைக் கேட்காமல் கை வைக்காதே என்றார். அப்படியானால் துவானைக் கேளுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் எதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. லாரி ஓட்டிய காதரும் அவரிடம் பல தடவை முறையிட்டிருந்தார், இறக்கத்தில் பின்னால் யாரோ பிடித்து இழுத்து ஆட்டுவதுபோல் இருக்கிறது, ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை என்று. காதர் அதிகம் பேசாத மனிதர். அவர் முறையிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கிராணிக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விபத்து நடந்த அன்று பெட்ரோல் தகரங்களையும் நங்கூரத்தையும் சங்கிலியையும் அண்ணன் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே அடுக்கினார். பின்னால் வைத்தால் கடற்கரையில் இறக்குவது சுலபமாம். காதர் சுற்றிவந்து பார்த்தார். பாரம் ரொம்பப் பின்னால் இருக்கிறது அண்ணே, கொஞ்சத்தை லாரியில் போடலாம் என்றார். அண்ணன் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டினார்.

"நான் இருக்கேன்ல. நீ ஓட்டு லா."

நானும் லாரியின் பின்தட்டில் இருந்தேன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். காதர் வேகமாக ஓட்டவில்லை. கடலோரத்து இறக்கத்தில் வண்டி முதலில் மெல்ல ஆடியது, பிறகு இரண்டு பக்கமும் வீசி ஆடியது. காதர் பிரேக்கை மிதிக்காமல் வேகத்தை மட்டும் குறைத்து, அதை அடக்கப் பார்த்தார். அடங்கியும் இருக்கும். அந்த நேரம் பார்த்து, எல்லாருக்கும் தைரியம் கொடுத்த நம் அண்ணன் குதித்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை சுறுசுறுப்பாக அசைந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் போனதும் முன்சட்டம் துள்ளி எழுந்தது. கொக்கி கழல்வதற்குள் வண்டி லாரியின் பின்புறத்தை இழுத்து மதிலில் அடித்தது. அந்த அடியில் ஜன்னலுக்கு வெளியே போன காதரின் வலது கை கதவுக்கும் மதிலுக்கும் நடுவே மாட்டி நொறுங்கியது. படகு பாறைமேல் போய்க் கவிழ்ந்தது. அண்ணன் லாலான் புல்லிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

துவான் வந்து விசாரித்தார். அண்ணன் முந்திக்கொண்டு, "லாஜு, துவான், லாஜு" என்றார். மலாயில் வேகம் என்று அர்த்தம். ஒரே சொல்லில் காதரின் பிழைப்பு முடிந்தது. நான் துவானிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கட்டையையும் துளையையும் சொன்னேன். அவர் படகில் சாயம் உரிந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சரி, கிராணி சொன்னால் கேட்பார் என்று கிராணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து துளைகளைக் காட்டினேன்.

"இதைச் சொன்னா, இத்தனை வருசமா நீ என்னாத்தைப் பார்த்தேன்னு துவான் என்னையக் கேப்பாரு" என்றார்.

நல்ல பதில். காதர் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே அவரை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. கை கோணலாகவே கூடியது. அந்தக் கைக்கு யாரும் லாரி கொடுக்கவில்லை. சுங்கை பினாங்கில் மணல் ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டப் போனார்.

வண்டியைப் பழுதுபார்க்க என்னிடமே விட்டார்கள். யாரையும் கேட்காமல் கீலைக் குத்தி எடுத்து, கட்டையைப் பழைய துளைகளில் பூட்டினேன். படகு முன்னேறி நின்றது. சட்டம் கொக்கியில் அளவோடு அழுந்தியது. அண்ணன் வழக்கம்போல் சாக்கோடு வந்து உட்கார்ந்தார். இப்போது முன்பாரம் மிஞ்சி லாரியின் பின்புறம் தாழ்ந்தது. இறங்குங்கள், நீங்கள் இல்லாமலே நேராக வரும் என்றேன். நம்ப முடியாதவர்போல் என்னைப் பார்த்தார். அவரை இறக்கிவிட்டு லாரி தஞ்சோங் பூங்கா போய்த் திரும்பியது. பின்னால் வண்டி ஆடவே இல்லை. கிராணி அவரைக் கொட்டகைக் காவலுக்கு மாற்றினார். அங்கும் அதே சாக்கில் உட்கார்ந்திருந்தார். தான் வருசக்கணக்காக உட்கார்ந்து பழக்கியதால்தான் வண்டி இப்போது நேராக ஓடுகிறது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி இறுதி ஊர்வலம். அண்ணனின் உடம்பைத் தோளில் சுமக்க நாலு பேரால் ஆகவில்லை. சங்கத்துப் பையன்கள் சுங்கை பினாங்குக்கு ஓடி, கிடைத்த மாட்டு வண்டியைக் கூட்டிவந்தார்கள். ஓட்டிவந்தவர் காதர். யாருக்கு என்று தெரிந்துதான் வந்தார். பாடையை வண்டியின் பின்பக்கத்தில் வைத்தார்கள். நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகியது. காதர் கோணல் கையால் நுகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்க. அண்ணன் நேராப் போகட்டும்" என்றார். தள்ளினோம். வண்டி நிதானத்துக்கு வந்தது.

புறப்படும்போது பெரிய கிராணி, கூட்டத்துக்குக் கேட்கும்படி, "மெதுவாப் போ காதரு. நீ லாஜு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். உங்களில் யார் யார் என்று எனக்குத் தெரியும். காதர் வண்டியில் ஏறவில்லை. மாட்டின் பக்கத்தில் நடந்தே சுடுகாடுவரை வந்தார். போகும் வழியில் அந்த வண்டி ஒரு தடவைகூட ஆடவில்லை.

மாணிக்கம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. படகை ஏற்றியபின், கொக்கியில் மாட்டுவதற்குமுன், முன்சட்டத்தை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் அனுப்புகிறேன். லேசாக எழும்பினால் "நான் இருக்கேன்ல" என்று யாரோ காதில் சொல்கிற மாதிரி இருக்கிறது. உடனே படகை முன்னுக்குத் தள்ளிவிட்டு, லாரியில் இருக்கும் ஆளின் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.