என்மேல் சாமி வரவில்லை

என் முதல் குழந்தை தூளியிலேயே போய்விட்டது. நம் மலைச்சாமி வேடியப்பனைக் கும்பிடும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அதன்பின் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். வாணியம்பாடி டாக்டர் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அதை விழுங்காமல் அடுப்புகூடப் பற்றவைக்க முடியாது என்று ஆகிவிட்டது.

எழுபதுகளின் கடைசி, பங்குனி மாதம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய கையால் மாத்திரையைத் தொடக்கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. சாமிக்கு நேர்ந்து அன்றோடு நிறுத்தினேன்.

இரண்டொரு நாளில் கை நடுங்கியது. தூக்கம் போயிற்று. சுவர் என் பக்கமாக நகர்ந்து வந்தது. எப்போதோ எரித்துப் போட்ட தூளியின் கயிறு, நடுப்பகலில் காதுக்குள் கிறீச்சிட்டது. பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

பொங்கல் வைத்த அன்று பம்பைச் சத்தத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. அருள் வந்துவிட்டது என்று மாலை போட்டார்கள். அது சாமி இல்லை என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரி, காய்ச்சலில் துவண்ட குழந்தையை என் காலடியில் கிடத்தினாள்.

"எம் புள்ள பொழைக்குமா சாமி? நீ சொன்னா வூட்டுக்கே தூக்கினு போய்டறேன்."

பிழைக்கும் என்று சொன்னால் அவள் வைத்தியம் பார்க்கமாட்டாள். கயிறு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பல் கிட்டிவிட்டது. வேடியப்பா, என் வாயில் பொய் வரவிடாதே, யாரையாவது அனுப்பு என்று உள்ளுக்குள் கதறினேன்.

விபூதி பூச வந்த பூசாரி, பூசாமல் என் கண்ணையே பார்த்தார். குடியை நிறுத்தியபோது அவர் தம்பியும் இப்படித்தான் ஆடினானாம், பிறகு சொன்னார்.

"இது அருள் இல்லம்மா. இன்னாத்த நிறுத்தின?"

"மாத்திரைய" என்றேன்.

மாலையைக் கழற்றினார். என்னையும் அந்தக் குழந்தையையும் ஒரே புளி லாரியில் ஆலங்காயத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் என்னை நன்றாகத் திட்டினார். பிறகு மறுபடி மாத்திரை கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடவைத்தார். குழந்தை பிழைத்தது. நானும்தான்.

இன்று திருவிழாவில் யார் ஆடினாலும் முதலில் போய்க் கண்ணைப் பார்ப்பவள் நான். கயிறு இன்னமும் சில நாள் கிறீச்சிடுகிறது, பொய் சொல்லமாட்டேன். வேடியப்பா என்கிறேன், அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

நீங்களும் அவனைக் கூப்பிடுங்கள். ஆனால் அவன் கேட்காததை நேர்ந்துவிடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அன்று அவன் என்மேல் வரவில்லை. எனக்காக வந்தான்.